கண்டது, கேட்டது, சேர்த்தது

ஜூன் 4

அன்புள்ள சின்னவளுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக இரண்டு கைகளையும் ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தேன். நடுங்கவில்லை. விரல்களை விரித்தேன், மடக்கினேன், மறுபடி விரித்தேன். பல் தேய்க்காமல், டீ போடாமல், என் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாராவது பார்த்திருந்தால் இவளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். அப்படி நினைக்க ஏற்கெனவே ஆள் நிறைய இருக்கிறது என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் சொல்வதை நீ கேட்பதில்லை, சொல்லும் வேகத்தைத்தான் கேட்கிறாய். கொஞ்சம் வேகமாகப் பேசினால், "அக்கா, நேத்து தூங்கினியா?" மெதுவாகப் பேசினால், "ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?" சிரித்தால் ஒரு சந்தேகம், சிரிக்காவிட்டால் வேறொரு சந்தேகம். காகிதத்தில் வேகம் தெரியாது. அதனால் இனிமேல் கடிதம்தான். நீயும் எழுது. பள்ளிக்கூடத்தில் ஊர்ப் பிள்ளைகளின் கட்டுரையெல்லாம் திருத்துகிறாய், எனக்கு ஒரு பக்கம் எழுத நேரமிருக்காதா?

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் மாத்திரையின் அளவைக் குறைக்கச் சொல்லி டாக்டரிடம் நானே கேட்டேன். குறைத்திருக்கிறார்.

இத்தனை வருடமாக அந்த அறையில் பேச்செல்லாம் என் தலைக்கு மேலேயேதான் நடந்தது. "தூங்குறாங்களா? சாப்பிடுறாங்களா?" என்று அவர் உன்னைக் கேட்பார், நீ பதில் சொல்வாய். நான் நடுவில் பூந்தொட்டி மாதிரி இருப்பேன். இந்த முறை தையல்காரியோடு போனேன். சனிக்கிழமைகளில் நூலகத்தின் பின்னறையில் கூடும் எங்கள் வட்டத்தில் அவளும் ஒருத்தி. என்னைப் போலவே விழுந்து எழுந்தவள். இப்படித் துணைக்குப் போகிறவரை நாங்கள் 'பக்கத்து நாற்காலி' என்போம். பக்கத்து நாற்காலிக்கு ஒரே சட்டம்தான்: கூட்டிக்கொண்டு போனவள் கையைத் தொடும்வரை வாயைத் திறக்கக் கூடாது.

டாக்டர் பழைய பழக்கத்தில் அவளைப் பார்த்து, "தூங்குறாங்களா?" என்றார். அவள் மேலே பார்த்தாள். "உங்களைத்தாம்மா கேட்டேன்." அவள் மின்விசிறியை ஆராய்ந்தாள். வேறு வழியில்லாமல் அவர் என் பக்கம் திரும்பினார்.

"தூங்குறேன் டாக்டர். கைதான் நடுங்குது. விரல் நுனியில லென்ஸை எடுத்து இன்னொருத்தர் கண்ணுல வைக்கிற வேலை என்னுது. நடுங்குற கையை யார் கண்ணுகிட்ட விடுவாங்க?" என்றேன். கையை மேஜைமேல் வைத்துக் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு எழுதிக் கொடுத்தார்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் என்னை இத்தனை காலம் ஃபிரேம் எடுத்துக் கொடுக்க மட்டும் வைத்திருந்த முதலாளி, இப்போது காலை வேளைகளில் லென்ஸ் அறையைத் திரும்பக் கொடுத்திருக்கிறார். ஆகஸ்டில் டாக்டர் மறுபடி பார்த்துச் சரி என்றால் முழுநாளும் எனக்குத்தான். ஆனால் பழைய சந்தேகம் தலைகாட்டினால் பழைய அளவுக்கே போகவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நானும் ஒத்துக்கொண்டேன்.

சந்தோஷமான செய்தி என்று நினைத்துத்தான் எழுதுகிறேன். அப்படியே படி.

அக்கா

ஜூன் 11

அன்புள்ள அக்காவுக்கு,

சந்தோஷமாகப் படிக்கத்தான் பார்த்தேன். ஆசிரியர் அறையில் வைத்து இரண்டு தடவை படித்தேன். உன் எழுத்து வலது பக்கம் சாய்கிறது. முன்பெல்லாம் நிமிர்ந்து நிற்கும். கோபப்படாதே, கண்ணில் பட்டதைச் சொல்கிறேன்.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆஸ்பத்திரிக் காகிதத்தில் 'பொறுப்பானவர்' என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது? ஏதாவது ஆனால் யாருக்குப் போன் வரும்? தையல்காரிக்கா? அவள் யார், குடும்பம் எங்கே, உனக்கு ஏன் இவ்வளவு செய்கிறாள், ஒன்றும் தெரியாது. தானே மாத்திரை சாப்பிடுகிற ஒருத்தி இன்னொருத்திக்கு மாத்திரையைக் குறைக்கத் துணை போவதை நீயே கொஞ்சம் தள்ளி நின்று யோசித்துப் பார்.

அந்த மத்தியானத்தை நீ மறந்திருக்கலாம். உனக்கு ஞாபகமில்லை என்று ஒருமுறை சொன்னாய். எனக்கு இருக்கிறது. லென்ஸ் டப்பாக்களையெல்லாம் கடை வாசலில் கொட்டிவிட்டு, யாரோ எல்லாவற்றையும் மாற்றி வைத்துவிட்டார்கள் என்று நடுரோட்டில் உட்கார்ந்திருந்தாய். பஸ் ஹாரன் அடித்தபடி நின்றது. நான் உன் கையைப் பிடித்துத் தூக்கியபோது, "நீயும் அவங்க ஆளா?" என்று கேட்டாய். ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போடும்போது என் பெயரே எனக்கு எழுத வரவில்லை.

அதற்கு ஒரு மாதம் முன்பு உன் வீட்டுக்கு வந்திருந்தேன். கட்டிலை இடம் மாற்றி அறைக்கு நடுவில் போட்டிருந்தாய். ஏன் என்று கேட்டதற்கு, சுவர் ஒட்டுக்கேட்கிறது என்றாய். ஜோக் என்று நினைத்துச் சிரித்தேன். அதுதான் முதல் அடையாளம் என்று தெரியாமல் நின்று சிரித்திருக்கிறேன். அந்தச் சிரிப்புக்காக நான் என்னை இன்னும் மன்னிக்கவில்லை. இனி ஒரு தடவை சிரிக்க மாட்டேன்.

போனை எடு. கடிதம் வரும்வரை என்னால் காத்திருக்க முடியவில்லை.

உன் சின்னவள்

ஜூன் 20

அன்புள்ள சிவப்பு மைக்கு,

எழுத்து சாய்ந்ததற்குக் காரணம் பஸ். கடைக்குப் போகும் வழியில் மடியில் வைத்து எழுதினேன். இதை மேஜையில் வைத்து எழுதுகிறேன். நிமிர்ந்து நிற்கிறதா? மதிப்பெண் போட்டு அனுப்பு.

அந்த மத்தியானம் எனக்கு ஞாபகமில்லை என்று சொன்னது பொய். நன்றாக ஞாபகமிருக்கிறது. அதைப் பற்றிப் பேச வேண்டாம் என்பதற்காகச் சொன்னேன்.

தையல்காரி ஏன் செய்கிறாள் என்று கேட்டாய். அவளுடைய டாக்டரிடம் போகும்போது பக்கத்து நாற்காலி நான். போதுமா?

இப்போது சொல்லப்போவதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். எழுதாமல் வைத்திருந்தால் அது உள்ளேயே வளரும். எங்கள் வட்டத்தில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறோம். யாருக்காவது ஒரு சந்தேகம் வந்தால் அதை விழுங்கவும் கூடாது, அப்படியே துப்பவும் கூடாது. மூன்றாகப் பிரிக்கவேண்டும்: கண்ணால் கண்டது, காதால் கேட்டது, நாமாகச் சேர்த்தது. பக்கத்து நாற்காலியிடம் அந்த வரிசையிலேயே சொல்லவேண்டும். அவர் ஆமாம் என்றும் சொல்ல மாட்டார், இல்லை என்றும் சொல்ல மாட்டார். எது எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்பார்.

கண்டது: நான் கண் பார்க்கும்போது முதலாளி திரைக்குப் பின்னால் நிற்கிறார். திரைக்குக் கீழே அவர் செருப்பு தெரிகிறது. வெளியே வந்தால், கூட்டம் இருக்கிறதா என்று பார்த்தேன் என்கிறார். கூட்டம் என் அறைக்குள்ளா இருக்கும்? மாடிவீட்டம்மா தீப்பெட்டி கேட்டு வருகிறாள். அவள் வீட்டு அடுப்புக்குத் தீப்பெட்டியே தேவையில்லை. வந்தால் அவள் பார்வை என்மேல் இருப்பதில்லை. அலமாரி, குப்பைக்கூடை, மாத்திரை டப்பா என்று வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிவருகிறது.

கேட்டது: மாடிப்படியில் அவள் போனில், "இன்னிக்கு நல்லாத்தான் இருக்கு, சிரிச்சுக்கிட்டே போச்சு" என்றாள். நான் வந்ததும் பேச்சு நின்றது.

சேர்த்தது: என்னை யாரோ கண்காணிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

இதைத் தையல்காரியிடம் சொன்னேன். அவள் ஒரு சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். ஊசியைக் கீழே வைத்தாள். "மாடிப்படியில பேசினது உன்னைப் பத்தித்தான்னு கேட்டியா, சேர்த்தியா?" என்றாள். "சேர்த்தேன்" என்றேன். "சரி" என்றாள். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. வழக்கமாகக் குடைந்து குடைந்து கேட்பவள். ஊசியை எடுத்து நூல் கோத்தாள். அதில் ஏற்கெனவே நூல் இருந்தது.

சுற்றிவளைக்காமல் கேட்கிறேன். நீ யாரிடமாவது என்னைப் பற்றிப் பேசினாயா? பேசியிருந்தால் பேசினேன் என்று சொல். கோபப்படுவேன், அவ்வளவுதான். கோபம் எனக்கு நல்லது. கோபத்துக்கு மாத்திரை கிடையாது.

அக்கா

ஜூன் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. உன் முதலாளிக்கு வேறு வேலை இல்லையா? மாடிவீட்டம்மாவுக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றிப் பேசியிருப்பாள்.

அக்கா, இதை எழுத எனக்குப் பிடிக்கவில்லை. போன தடவையும் இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் முதலாளி, அப்புறம் பக்கத்து வீடு, கடைசியில் நான். வரிசைகூட மாறவில்லை. நீயே உன் வாயால் ஒத்துக்கொண்ட நிபந்தனை இருக்கிறது. மறைக்காதே. டாக்டரிடம் போய்ச் சொல். நான் சொல்லி அவர் கூப்பிடுவதைவிட நீயாகப் போனால் உனக்குத்தான் மரியாதை.

பாப்பா பெரியம்மாவைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

உன் சின்னவள்

ஜூலை 6

சின்னவளுக்கு,

போய்ச் சொல்லிவிட்டேன்.

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்தேன். நீ இல்லை என்கிறாய். முதலாளியிடம் கேட்டேன், "என்னம்மா இது, ஏன் இப்படியெல்லாம் நினைக்கிற?" என்றார். மாடிவீட்டம்மாவிடம் கேட்டேன், "ஐயையோ" என்று கன்னத்தில் கைவைத்தாள். மூன்று பேர் இல்லை என்கிறார்கள், ஒருத்தி ஆமாம் என்கிறாள். அந்த ஒருத்திக்கு ஏற்கெனவே ஒருமுறை மூளை கலங்கியிருக்கிறது. நீயாக இருந்தால் யாரை நம்புவாய்? நானும் அவர்களைத்தான் நம்பினேன்.

டாக்டர் எதிரே உட்கார்ந்து, "சந்தேகம் திரும்ப வந்திருக்கு. பழைய அளவே குடுத்துடுங்க" என்றேன். அவருக்கு ஆச்சரியம். "தானா வந்து இப்படிச் சொல்றவங்க ரொம்பக் கம்மி. இதுவே நல்ல முன்னேற்றம்தான்" என்றார். பரிசு வாங்கின பிள்ளை மாதிரி தலையாட்டினேன். மறுபரிசோதனை ஆகஸ்டில் சொன்னபடியே நடக்கும், அதுவரை பழைய அளவு என்று எழுதினார்.

தையல்காரி பக்கத்தில்தான் இருந்தாள். உள்ளே வரும்போதே அவள் முகம் சரியில்லை. நான் பேசி முடித்ததும் ஏதோ சொல்லப்போகிறவள் மாதிரி மூச்சை இழுத்தாள். நான் அவள் கையைத் தொடவில்லை. எனக்காக அவள் கெஞ்சுவாள் என்று நினைத்தேன், அது வேண்டாம் என்று இருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "என்ன?" என்றேன். "தூசி" என்றாள். ஜன்னல் மூடியிருந்தது.

கைக்கு வருகிறேன். இந்தக் கையெழுத்தைப் பார்த்தால் உனக்கே தெரியும். நேற்று ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு லென்ஸ் வைக்கப் போய் விரல் இமையில் இடித்துவிட்டது. அவள் கண்ணில் நீர் வழிய, "பரவால்ல ஆன்ட்டி" என்றாள். முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார். இன்று காலை போனபோது என் வெள்ளைக் கோட்டு ஃபிரேம் எடுத்துக் கொடுக்கும் மேஜையின் நாற்காலியில் தொங்கிக்கொண்டிருந்தது.

எழுத்து இப்போது எந்தப் பக்கமும் சாயவில்லை. எல்லாப் பக்கமும் ஆடுகிறது. திருப்திதானே?

அக்கா

ஜூலை 13

என் அன்பு அக்காவுக்கு,

படித்துவிட்டு அழுதேன். நிம்மதியில்தான் அழுதேன், தப்பாக நினைக்காதே. நீ எவ்வளவு பெரிய காரியம் செய்திருக்கிறாய் என்று உனக்குத் தெரியவில்லை. லென்ஸ் அறை எங்கே போய்விடும்? கை மெதுவாகச் சரியாகும். வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னார், "உங்க அக்காவுக்கு இருக்கிற தைரியம் நம்ம யாருக்கும் கிடையாது" என்று.

உடம்பைப் பார்த்துக்கொள். மழை வேறு ஆரம்பித்துவிட்டது. கட்டிலை ஜன்னலை ஒட்டிப் போட்டுக்கொண்டு படுத்தால் சாரல் அடித்து நெஞ்சில் சளி கட்டும், பழைய இடத்துக்கே நகர்த்திவிடு. பாப்பா உனக்காக ஒரு படம் வரைந்திருக்கிறாள், இதோடு வைத்திருக்கிறேன். படத்தில் நீ மூக்குக்கண்ணாடிகளுக்கு நடுவில் ராணி மாதிரி நிற்கிறாய்.

மனசு லேசாக இருக்கிறது. ரொம்ப நாளைக்கு அப்புறம் நன்றாகத் தூங்கினேன்.

உன் சின்னவள்

ஜூலை 18

கட்டிலை நகர்த்தியதை நான் உனக்கு எழுதவில்லை.

என் கடிதங்களுக்கு நகல் கிடையாது, ஆனால் என்ன எழுதினேன் என்று எனக்குத் தெரியும். எழுந்தவுடன் கையை வெளிச்சத்தில் பார்ப்பதற்காக மே மாதக் கடைசியில் அதை ஜன்னலை ஒட்டிப் போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அதைப் பார்த்தவள் ஒருத்திதான். தீப்பெட்டி வாங்க வந்தவள்.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். இந்தத் தடவை நான் கேள்வி கேட்கவில்லை. "என் தங்கச்சி எல்லாம் சொல்லிட்டா" என்றேன்.

"சொல்லிடுச்சா? அப்பாடா!" என்றாள். "பாவம்மா உன் தங்கச்சி, போன்ல என்னா அழுகை அழுதுச்சு தெரியுமா? நீ கட்டிலை நகத்துனதைச் சொன்னதும் ஐயோன்னு கத்திடுச்சு. நான் என்ன வேவா பார்த்தேன்? வந்தேன், பார்த்தேன், பார்த்ததைச் சொன்னேன், அவ்ளோதான்."

"அதுக்குப் பேருதாம்மா வேவு."

"என்னமோ போ. நல்லதுக்குத்தானே?"

முதலாளியிடம் இந்தத் தடவை கேட்கவே இல்லை. திரைக்குக் கீழே தெரிந்த அதே செருப்பை அவர் காலில் பார்த்தேன், அவரும் குனிந்து தன் செருப்பையே பார்த்தார்.

பிறகு தையல்காரியிடம் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள்ளேயே அவள் மெஷினை நிறுத்தினாள்.

"உன் தங்கச்சி எனக்கும் போன் பண்ணிச்சு. கடை போர்டுல இருக்கிற நம்பருக்கு. வாராவாரம் உன்னைப் பத்திச் சொல்லச் சொல்லிச்சு. முடியாதுன்னுட்டேன்."

"எப்ப?"

"நீ செருப்புக் கதை சொன்ன நாளுக்கு முன்னாடியே."

"தெரிஞ்சுக்கிட்டேவா 'கேட்டியா, சேர்த்தியா'ன்னு என்னைக் கேட்ட?"

"எந்த வாயால சொல்றது? உன்னை நெஜமாவே ஆள் வெச்சுப் பாக்கறாங்கன்னு உங்கிட்டப் போய்ச் சொன்னா நீ தாங்குவியா மாட்டியான்னு..."

"அந்தக் கணக்கை நீயுமா போட்ட?"

"நானும்தான். எனக்கு யாராவது அப்படிச் சொல்லியிருந்தா நான் தாங்கியிருக்க மாட்டேன். அதை உன் தலையில கட்டிட்டேன். அந்த ரூம்ல நீ பழைய அளவைக் கேட்டப்ப, ஒரு தடவை என் கையைத் தொட்டுடு, தொட்டுடுன்னு மனசுக்குள்ள கத்திக்கிட்டே இருந்தேன். நீ தொடல."

"சட்டத்தை மீறியிருக்கலாம்ல?"

"சட்டம்னு சொல்லி ஒளிஞ்சுக்கிட்டேன்" என்றாள்.

அவளோடு பேசுவதை நிறுத்தியிருக்கிறேன். மறுபடி எப்போது பேசுவேன் என்று தெரியவில்லை.

உனக்குப் புரிகிறதா நீ என்ன செய்தாய் என்று? நான் கண்டது சரி, கேட்டது சரி, சேர்த்ததும் சரி. எல்லாம் சரியாக இருந்தும் நான் போய் எனக்கு நோய் என்று சொல்லி மருந்தை வாங்கிக்கொண்டு வந்தேன். உன் வார்த்தையை நம்பியதால். என் கண்ணைவிட அதை நம்பியதால்.

கையெழுத்துப் போடவில்லை. யார் எழுதியது என்று உனக்குத் தெரியும்.

ஜூலை 25

அக்கா,

ஆமாம். மூன்று பேரிடமும் பேசினேன். நீ கேட்டபோது இல்லை என்று எழுதினேன். அந்த வரியை எழுதிவிட்டு அதன் கீழே பள்ளிக்கூடத்துப் பழக்கத்தில் கோடு போடப்போனேன். தப்பான விடைக்குப் போடுகிற கோடு. அடித்துவிட்டு வேறு காகிதத்தில் எழுதினேன்.

உனக்கு நான் சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை, ஆனாலும் கேள். நீ படுத்த படுக்கையாக இருந்தபோது எனக்குப் பயம் இல்லை. என்ன செய்யவேண்டும் என்று தெரியும். நீ நன்றாக இருக்கும்போதுதான் பயம். சிரித்துக்கொண்டே கடைக்குப் போகிறாய் என்று அந்த அம்மா சொன்ன அன்று இரவு நான் தூங்கவில்லை. போன தடவையும் நீ அப்படிச் சிரித்தாய். எது வெறும் சிரிப்பு, எது அந்தச் சிரிப்பு என்று இவ்வளவு தூரத்திலிருந்து நான் எப்படிக் கண்டுபிடிப்பது? கட்டில் நகர்ந்தது என்றதும் எனக்குள் ஏதோ அறுந்துவிட்டது. ஏன் நகர்த்தினாய் என்று உன்னையே கேட்டிருக்கலாம். கேட்டால் சொல்லியிருப்பாய். நீ சொல்வதை நம்பவேண்டி வருமே என்றுதான் கேட்கவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இப்போதும் நான் மாறிவிடவில்லை. உன் கடைசிக் கடிதத்தில் பெயர் போடாதது கோபத்திலா, வேறு எதிலாவதா என்று யோசித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்று மட்டும் என்னால் செய்யமுடியும். ஆகஸ்ட் ஆறாம் தேதி மாலை உன் மறுபரிசோதனைக்கு நானும் வருகிறேன். மத்தியான ரயிலில் வந்துவிடுவேன். ஆள் வைத்துப் பார்த்தது நான்தான், அக்கா சந்தேகப்பட்டது சரிதான் என்று டாக்டரிடம் நானே சொல்கிறேன். நான் சொன்னால் நம்புவார். குறைத்துவிடுவார். லென்ஸ் அறை உனக்குத் திரும்பக் கிடைக்கும்.

வரட்டுமா?

சின்னவள்

ஜூலை 29

வா. சாவி மாடிவீட்டம்மாவிடம் இருக்கும்.

அக்கா

ஆகஸ்ட் 5

சின்னவளுக்கு,

வந்ததும் உன் கண்ணில் படட்டும் என்று இதை டம்ளருக்கு அடியில் வைக்கிறேன். தபாலில் அனுப்பாத முதல் கடிதம். டீத்தூள் மேல்தட்டில் இருக்கிறது. சாவியை அந்த அம்மாவிடம் கொடுத்தது நம்பிக்கையால் அல்ல. எப்படியும் வந்து பார்க்கத்தான் போகிறாள், பூட்டை உடைக்காமலாவது பார்க்கட்டும்.

மாலையில் என்று இருந்த நேரத்தைக் காலைக்கு மாற்றி வாங்கியிருக்கிறேன். நீ ரயிலில் இருக்கும்போது நான் டாக்டர் அறையில் இருப்பேன். ஏன் மாற்றினேன் என்று ஆஸ்பத்திரி கவுண்டரில் இருந்த பெண்ணுக்குத் தெரியாது. முதலாளியிடம் மாலையில்தான் போகவேண்டும் என்று சொன்னதோடு சரி. தையல்காரி மூன்று நாளாக ஆள் அனுப்பிக் கேட்கிறாள், பக்கத்து நாற்காலிக்கு வரட்டுமா என்று. மாலையில் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். உனக்கு எழுதிக்கொண்டிருக்கும் இந்த நிமிடத்தில் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. இந்த அளவுக்குத் திட்டம் போட்டு மறைப்பது எதற்கு அடையாளம் என்று நீ யோசிப்பாய். நானும் யோசித்தேன்.

உன் கடிதத்தில் மற்றதையெல்லாம் என்னால் தாங்கிக்கொள்ள முடிந்தது. பயந்தாய், புரிகிறது. பொய் சொன்னாய், அதுவும் புரிகிறது. 'நான் சொன்னால் நம்புவார்' என்று எழுதினாயே, அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். நீ எழுதியது உண்மை. நீ வந்து சொன்னால் நம்புவார், குறைப்பார், எனக்கு லென்ஸ் அறை கிடைக்கும். அடுத்த முறை நான் ஏதாவது சொன்னால், தங்கை வந்திருக்கிறாளா என்று கதவைப் பார்ப்பார். நீ பொய் சொன்னபோது அது என் நோய் ஆனது. நீ உண்மை சொன்னால் எனக்குக் குணமாகிவிடும். இரண்டிலும் பேசுகிறவள் நீயாகத்தான் இருக்கிறாய்.

என் தொழிலில் நாள் முழுக்க ஒரே கேள்விதான். இந்த லென்ஸைப் போட்டு, "இது தெளிவா?" அதைப் போட்டு, "அது தெளிவா?" எதிரே உட்கார்ந்திருப்பவர் சொல்வதுதான் பதில். சில சமயம் மாற்றி மாற்றிச் சொல்வார்கள். அதற்காகக் கூட வந்தவரிடம், "இவருக்கு எது தெளிவாகத் தெரிகிறது?" என்று எந்தக் கடையிலும் கேட்க மாட்டார்கள். பொறுமையாக மறுபடி போட்டுக் காட்டவேண்டும், அவ்வளவுதான்.

அதனால் தனியாகப் போகிறேன். பக்கத்து நாற்காலி காலியாக இருக்கும். "எனக்கு ஒரு சந்தேகம் வந்தது டாக்டர். அது சரியா இருந்தது. அப்பவும் என்னை நம்பாம உங்ககிட்ட வந்து மருந்தைக் கூட்டச் சொன்னேன். இப்பக் குறைக்கச் சொல்றேன்" என்று சொல்லப்போகிறேன். "இதுக்குச் சாட்சி யாரு?" என்று அவர் கேட்கலாம். கேட்டால், சாட்சி ரயிலில் வந்துகொண்டிருக்கிறாள், அவளுக்காகக் காத்திருக்க எனக்கு விருப்பமில்லை என்பேன். கை நடுங்கும். நடுங்கட்டும், அதையும் மேஜைமேல் வைப்பேன்.

நம்பாமலும் போகலாம். லென்ஸ் அறை கைவிட்டுப் போகலாம். அது தெரிந்துதான் போகிறேன்.

இன்னொரு சந்தேகமும் எனக்கு இருக்கிறது. நீ அங்கே வந்தால் கடைசி நேரத்தில் மனசு மாறி, "ஆனாலும் அக்காவைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க டாக்டர்" என்று சொல்லிவிடுவாயோ என்று. இதை நான் காணவும் இல்லை, கேட்கவும் இல்லை. முழுக்க முழுக்க நானாகச் சேர்த்தது. இருக்கட்டும். உனக்கு என்மேல் இருப்பது போல எனக்கும் உன்மேல் கொஞ்சம் இருந்துவிட்டுப் போகட்டும். யாரும் யாரையும் ஆஸ்பத்திரியில் சேர்க்கவேண்டியதில்லை.

கட்டில் ஜன்னலை ஒட்டித்தான் இருக்கிறது. போர்வை துவைத்து வைத்திருக்கிறேன். பயணக் களைப்பு இருந்தால் படுத்துக்கொள். சாரல் அவ்வளவாக அடிப்பதில்லை, நீயே பார்.

கடைசியாக ஒன்று. அந்தக் காகிதத்தில் 'பொறுப்பானவர்' என்ற இடத்திலிருந்து உன் பெயரை எடுத்துவிடச் சொல்லப்போகிறேன். அங்கே யார் பெயரை எழுதுவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. தையல்காரியின் பெயர் இல்லை, அது மட்டும் நிச்சயம். எடுத்துவிட்டால் நீ எனக்குத் தங்கை மட்டும்தான். தங்கை என்ற இடத்துக்கு ஆள் இல்லாமல் ரொம்ப நாளாகிறது.

அக்கா